வெள்ளமும் வீட்டு ஆவணங்களும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவு அறிக்கைக்கும் பகல் உணவுக்கும் இடையே எனக்கு இருபது நிமிடங்கள் தந்திருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட பொருள் சுவையானதன்று. ஒவ்வொருவர் வீட்டுப் பீரோவிலும் இருக்கின்ற காகிதங்களைப் பற்றியது. ஆயினும் 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை இந்த மாவட்டத்தில் கழித்தவர்களுக்கு இதன் அவசியத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த டிசம்பர் 18ஆம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யக்கூடிய சராசரி மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் கடந்துவிட்டது. தாமிரபரணி கரை புரண்டது. ஏரல் கடைவீதி மூழ்கியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்லிக்கொள்கின்ற ஊரில் மக்கள் மொட்டை மாடிகளில் நின்று உதவிக்குக் காத்திருந்தார்கள்.

உணவு வந்தது, உடை வந்தது. அல்ஹம்துலில்லாஹ், எல்லாச் சமயத்தாரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். தண்ணீர் வடிந்த பின்னர்தான் இரண்டாவது துன்பம் தொடங்கியது. கிரையப் பத்திரம், மதிப்பெண் பட்டியல், காப்பீட்டுப் பத்திரம், நகைக்கடன் ரசீது ஆகியவை சேற்றோடு சேர்ந்து ஒரே கட்டியாகியிருந்தன. பெரும்பாலான வீடுகளில் அவை பீரோவின் அடித்தட்டில் இருந்தவை. திருடனுக்கு அஞ்சிக் கனமான பொருள்களோடு கீழே வைத்துப் பூட்டினோம். மரப் பீரோவாயின் கதவு ஊறிப் பருத்துத் திறக்கவே வரவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். அரசு அலுவலகத்திலிருந்து வந்த காகிதம் எதுவாயினும் அதை மீண்டும் பெற வழி உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பின்னரும், 2023இல் மிக்ஜாம் புயலுக்குப் பின்னரும், சென்னைப் பகுதியில் சான்றிதழ் இழந்தோருக்கென அரசு சிறப்பு முகாம்களே நடத்தியது. முகாமின் மேசைக்கு முன்னால் நிற்கும்போது அதிகாரி கேட்பது எண்ணையும் நாளையும்தான். “எந்த ஆண்டு பதிவான பத்திரம்? எந்தச் சார்பதிவாளர் அலுவலகம்? தேர்வுப் பதிவெண் என்ன?” இதற்கு விடை சொல்ல முடிந்தவருக்கு வேலை விரைவில் முடிகிறது. முடியாதவர் மாதக்கணக்கில் அலைகிறார். ஆகவே, பெட்டி வாங்குவதற்கும் உறை வாங்குவதற்கும் முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு பட்டியல் எழுதுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

வீட்டுக்கு உரிய கிரையப் பத்திரம் அல்லது செட்டில்மென்ட் பத்திரத்தின் ஆவண எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் சான்றிட்ட நகல் பெறலாம். பட்டாவுக்குக் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் வேண்டும். நகரமாயின் வார்டு, பிளாக், நகர அளவை எண். பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்குப் பதிவெண்ணும் தேர்வெழுதிய மாதமும் ஆண்டும்; இரண்டாம் படி வழங்குவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். கடவுச்சீட்டின் எண், வழங்கிய நாள், இடம். கப்பலில் பணிபுரிவோர் நம் துறைமுக நகரில் மிகுதி, அவர்கள் சி.டி.சி. எண்ணையும் எழுத வேண்டும். மாலத்தீவுக்குத் தோணியில் செல்வோருக்கும், விசைப்படகு வைத்திருப்போருக்கும், சங்கு குளிப்போருக்கும் அவரவர் பதிவு எண்ணும் உரிம எண்ணும் சோற்றுக்கு வழி. ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்கு, வாகனப் பதிவு, காப்பீட்டு ஒப்பந்தம் ஆகியவற்றின் எண்களை நான் சொல்லாமலே எழுதிவிடுவீர்கள். ஏ.டி.எம். ரகசிய எண்ணை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

சான்றிட்ட நகல் கிடைக்கும் என்று சொன்னதனால் மூலப் பத்திரத்தை அலட்சியமாக வைக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டா. வங்கி கடன் தருவது மூலப் பத்திரத்தைப் பார்த்துத்தான். அது தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் அளிக்க வேண்டும். நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். கண்டறிய முடியவில்லை என்ற சான்று பெற வேண்டும். மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ பணம் தேவைப்படும் வேளையில் இந்த அலைச்சலின் கனம் விளங்கும்.

மேல்தளத்தில் இருக்கும் தாய்மார்களுக்கு இனி நான் சொல்லப்போவது முக்கியமானது. நம் வீடுகளில் ஆண்கள் சபுராளிகள். அன்று கொழும்பு, பின்னர் சவூதியும் துபையும், இன்று சென்னையும் பெங்களூருமாகவும் இருக்கலாம். வெள்ளம் வந்த இரவில் வீட்டில் இருந்தவர்கள் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமே. ஆனால் எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது, எந்த வங்கியில் நகை இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற செய்தியெல்லாம் கடல் கடந்து ஒருவருடைய நெஞ்சுக்குள் இருந்தது. அன்று மின்சாரமும் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன, கேட்பதற்கும் வழியில்லை. கணவரைச் சந்தேகிப்பதாகும் என்றோ, உலகப் பேச்சு நமக்கெதற்கு என்றோ தயங்காமல், அடுத்த விடுப்பில் அவர் வரும்போது பக்கத்தில் அமர்ந்து அந்தப் பட்டியலை எழுதி வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கின்ற அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதை ஆலிம்கள் பலமுறை இந்த மிம்பரில் நமக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கைப்பேசியில் எல்லாம் இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2015 முதல் இயங்கும் டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்களுக்குச் சட்டப்படி மூல ஆவணத்துக்கு நிகரான மதிப்பு உண்டு. நாமே படமெடுத்து ஏற்றும் நகல்களுக்கு அம்மதிப்பு இல்லை. இந்த வேறுபாட்டைப் பலர் அறியவில்லை. அதன் கதவைத் திறப்பது ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண்ணுக்கு வரும் கடவு எண். நம் வீடுகளில் அந்த எண் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவருடையது, அல்லது அவர் போகும்போது கைவிட்டுப்போன பழைய சிம்முடையது. வீட்டில் இருக்கும் பெண்ணின் ஆதாரில் அவருடைய சொந்தக் கைப்பேசி எண் இருக்க வேண்டும். ஆதார் மையத்தில் இதை மாற்றிக்கொள்ளலாம். அத்துடன், ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நிவாரணம் வாங்கித் தருகிறேன் என்று படம் கேட்போர் எல்லாரும் நல்லவர்கள் அல்லர்.

காகித நகலும் வேண்டும். அதைக் கடையில் ஜெராக்ஸ் எடுங்கள். வீட்டு இங்க்ஜெட் அச்சின் மை தண்ணீரில் கரையும். ஜெராக்ஸின் கறுப்புப் பொடி சூட்டில் உருகித் தாளோடு ஒட்டுவதால் எளிதில் கரையாது. மூலச் சான்றிதழ்களை லேமினேட் செய்வது பாதுகாப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓரம் வழியே ஒருமுறை நீர் புகுந்தால் அதை உலர்த்த வழியே இல்லை. பிரித்தாலோ எழுத்தும் உடன் உரிந்து வரும். கனமான பிளாஸ்டிக் உறையில் இட்டு, கையில் தூக்கக்கூடிய ஒரே பையில் வைத்து, அந்தப் பையைப் பரணிலோ மாடியிலோ வைப்பதே போதும். நகல் ஒன்றை வெளியூர் உறவினரிடம் கொடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த வெளியூர் என்பதை யோசியுங்கள். காயல்பட்டினத்துக் குடும்பம் தன் நகலை ஏரலிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ இருந்த சம்பந்தி வீட்டில் வைத்திருந்தால் 2023இல் இரண்டும் ஒரே நாளில் நனைந்திருக்கும். சென்னையிலோ கோவையிலோ வைப்பது நலம்.

இனி, எந்த அலுவலகத்திலும் நகல் இல்லாத ஆவணங்களுக்கு வருகிறேன். என் உரையின் பாரம் இங்கேதான் இருக்கிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கரையோர ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது நெடுங்கால வழக்கம். அவற்றுள் பல வாய்மொழி ஹிபாவாகக் கொடுக்கப்பட்டவை. கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, அனுபவத்தில் ஒப்படைத்துவிட்டால் ஹிபா நிறைவேறுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் இதற்கு இடம் தருகிறது. மார்க்கப்படியும் சட்டப்படியும் செல்லும். ஆனால் பட்டா இன்னமும் பாட்டியின் பெயரில். வீட்டு வரி மாமாவின் பெயரில். மின் இணைப்பு மறைந்த வாப்பாவின் பெயரில். சாட்சி நின்ற பெரியவர்கள் மையவாடியில் உறங்குகிறார்கள். சுவர் இடிந்தபின் கணக்கெடுக்க வரும் அலுவலரிடம் இந்த வீடு என்னுடையதுதான் என்று அந்தப் பெண் எதைக் காட்டி நிறுவுவாள்? சாட்சிகள் உயிரோடிருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிவு செய்து பட்டாவை மாற்றிக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வையைக் கண்டு மலைப்பவர்கள், பின்னால் பங்காளிகளோடு நீதிமன்றம் ஏறும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று நம் ஜமாஅத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நடந்த நிகாஹ்கள் அனைத்தும் அரசு அலுவலகத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். செய்யாதவர்கள் பலர் உண்டு. நாள் எல்லை 90, கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60. அதற்கு முன் மணமுடித்தவர்களுக்கோ நம் நிகாஹ் தஃப்தரின் ஒரு வரிதான் பெரும்பாலும் எழுத்துமூலமான ஒரே சான்று. விதவை ஒருவர் குடும்ப ஓய்வூதியத்துக்கு நிற்கும்போதும், வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போதும், வெளிநாட்டில் இருக்கும் மகனின் கடவுச்சீட்டில் பெயர் திருத்தும்போதும் அந்த வரியைத் தேடித்தான் இங்கு வருகிறார்கள். அந்தத் தஃப்தர் நம் அலுவலக அறையில், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில், மர அலமாரியில் இருக்கிறது. பழைய தொகுதிகள் பேனா மையால் எழுதப்பட்டவை. நீர் பட்டால் அந்த மை ஓடிவிடும். அருகிலேயே மையவாடிப் பதிவேடும் வக்ஃபு சொத்து ஆவணங்களும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தோனேசியாவின் ஆச்சேயைத் தாக்கியபோது அங்கிருந்த நில அலுவலகத்தின் பதிவேடுகள் கடல்நீரிலும் சேற்றிலும் ஊறின. இலட்சக்கணக்கானோர் இறந்துபட்ட அந்த மண்ணில், எஞ்சிய அனாதைக்கும் விதவைக்கும் நிலம் எது என்று சொல்ல அந்தப் புத்தகங்கள் தேவைப்பட்டன. அவற்றை உடனே பிரிக்க முற்படாமல், குளிர்பதனக் கிடங்கில் உறைய வைத்து, ஜப்பானிய வல்லுநர்களின் உதவியோடு பின்னர் உலர்த்தி மீட்டார்கள். நனைந்த தாளில் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். உறைய வைத்தால் அது நின்றுவிடும். இறாலையும் மீனையும் உறைய வைத்து உலகுக்கு அனுப்புகின்ற தூத்துக்குடிக்கு இச்செய்தி பயன்படும். வீட்டில் என்றால், நனைந்த பத்திரத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள், இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். இடையிடையே வெள்ளைத் தாளோ பருத்தித் துணியோ வைத்து நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். அதற்கு வழியில்லையெனில் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறையறையில் வையுங்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், 1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசிக் குளிப்பு வரையில், கரைக்கு வந்த சிப்பியை எண்ணி, ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டுக் கணக்கு எழுதினார்கள். சிப்பிக்கு எழுதிய கரையில் நிகாஹுக்கு எழுதிய புத்தகம் காக்கப்படாமல் போகக் கூடாது.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். தஃப்தர் முழுவதையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியை இங்கும் மற்றொரு படியைச் சென்னையில் நம்பகமான ஒருவரிடமும் வைக்க வேண்டும். பெண்களின் சொந்த விவரங்கள் அதில் உள்ளமையால் யார் பார்க்கலாம் என்பதையும் எழுத்தில் வரையறுக்க வேண்டும். மூலப் புத்தகங்களை மாடி அறைக்கு மாற்ற வேண்டும். இதற்கு ஓர் இரும்பு அலமாரியின் விலைதான் செலவு. மூன்றாவதாக, வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், படித்த இளைஞர்கள் நால்வரை அலுவலகத்தில் அமர்த்தி, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் அந்தப் பட்டியலை எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எழுதிய தாளை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். நாம் வைத்துக்கொள்ளக் கூடாது.

இவற்றை இன்றைய தீர்மானப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.