வளாகத்துக்குள் போய் என்ன கேட்பது?

(தோட்டப் பெற்றோரும் உயர்தர மாணவரும் இறக்கக்கண்டியில் இரண்டு நாள் தங்கியிருந்தபோது, முதல்நாள் மாலை எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாமற்போன குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



எல்லோரும் வந்து உட்கார்ந்தாச்சா? கடலில் நனைந்த பிள்ளைகள் உடுப்பு மாற்றிக்கொண்டு வரட்டும், நாங்கள் காத்திருக்கிறோம். வந்திருப்பவர்களில் பலபேர் இன்றுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டீர்கள். கரையில் நின்ற ஓர் அம்மா, "இம்புட்டுத் தண்ணியும் எப்படிங்க உப்பாப் போச்சு?" என்று அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நேரே போய்க் கேட்டார். அவரும் இழுப்பதை நிறுத்திவிட்டுத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அந்த அம்மா நாளைக்கும் அதே மாதிரி கேட்க வேண்டும் என்பதுதான் எமது ஆசை. ஏனென்றால் நாளைக் காலை நாம் போகப்போவது கடற்கரைக்கு அல்ல, பல்கலைக்கழக வளாகத்துக்கு.

திருகோணமலையிலிருந்து வரும்போது நிலாவெளிக்கு முன்னால் கோணேசபுரி என்று ஓர் ஊரைத் தாண்டி வந்தோம், ஞாபகமிருக்கா? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அங்கேதான் இருக்கிறது. 1981இல் மட்டக்களப்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது கிழக்குப் பல்கலைக்கழகம். திருகோணமலைக்கு 2001இல் வளாகம் என்ற தரம் கிடைத்தது. சண்டை நடந்த காலத்தில் வளர்ந்த இடம் அது. 2004 டிசம்பரில் இந்தக் கரையைச் சுனாமி அடித்துப் புரட்டியதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே களப்புக்கு மேலே நீளமாகத் தெரிகிறதே அந்தப் பாலம், அது 2009இல்தான் திறக்கப்பட்டது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு பிள்ளைகள் படித்த இடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். வளாகத்துக்குள் போக நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு கேட் என்றாலே ஒரு பயம். ஸ்டோர் கேட்டில் வாச்சர் கேட்பார். பங்களா கேட்டுக்குப் போனால் பின்பக்கமாக வரச் சொல்லுவார்கள். அந்தப் பழக்கத்தில், பெரிய கட்டடம் எதைப் பார்த்தாலும் "இது நம்மளுக்கு இல்லை" என்று கால் தானாகப் பின்வாங்குகிறது. இந்த நாட்டில் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்தது 1970களில்தான். முப்பது வருஷம் பிந்தித்தான் நாம் அந்தப் பந்தியில் உட்கார்ந்தோம். பிந்தி வந்தவன் வெட்கப்பட்டால் பசியோடுதான் எழும்ப வேண்டும். ஒரு கிலோ சீனி வாங்கினாலும் அதில் வரி கட்டுகிறோம். அந்த வரியிலும்தான் பல்கலைக்கழகம் நடக்கிறது.

பல்கலைக்கழகம் என்றால் சேர்ந்து படிக்கிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பொது விரிவுரை வைக்கிறார்கள். பெரியவர்கள் பெயரில் நினைவுப் பேருரை நடக்கும். பாடநெறிகளைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்கும் தகவல் அமர்வு, ஆய்வுகூடங்களைத் திறந்து காட்டும் கண்காட்சி, கலைவிழா, நாடகம் இப்படிப் பலதும் உண்டு. மட்டக்களப்புக் கல்லடியில் இதே பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பாட்டும் கூத்தும் நன்றாக வரும் பிள்ளை உங்கள் லயத்தில் இருந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கூத்தாடினால் உருப்படமாட்டான் என்று அடிக்கப் போகாதீர்கள், அதற்கும் பட்டம் கொடுக்கிறார்கள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம், எல்லாக் கூட்டமும் நமக்குப் பிரயோசனமாக இருக்காது. சில இடத்தில் விளக்கேற்றி, வரவேற்புரை சொல்லி, பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆய்வு மாநாடுகளில் ஆங்கிலத்தில் கட்டுரை வாசிப்பார்கள், சிலவற்றுக்குக் கட்டணமும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிடலாம். விடக்கூடாதது தகவல் அமர்வு. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் எங்களுடைய ஒரு குற்றத்தை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் காரியாலயத்துக்குக் கடிதம் வந்தது. உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்புவது பற்றி அமர்வு வைக்கிறோம், அனுப்பி வையுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நாங்கள் அதைப் பிள்ளைக்காம்பரா சுவரில் ஒட்டினோம். ஒட்டினதோடு எங்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். கொழுந்து மலைக்குப் போகிற அவசரத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிற தாய் சுவரில் ஆங்கிலம் வாசிப்பாளா? அமர்வு நடந்ததும் வேலை நாளில். ஒருவரும் போகவில்லை.

அந்த வருஷம் ஒரு பிள்ளை கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்திருந்தாள். டவுனில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் காசு கொடுத்து விண்ணப்பம் போட்டாள். கடைக்காரப் பையன் தனக்குத் தெரிந்த நாலைந்து பாடநெறியை மட்டும் போட்டுவிட்டு, "போதும்" என்றான். அவளும் போதும் என்று நம்பினாள். வெட்டுப்புள்ளி வந்தபோது அந்த நாலைந்தும் எட்டவில்லை. பிறகு நாங்கள் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தோம். அவளுடைய மாவட்டத்துக்கு இன்னொரு பாடநெறியின் வெட்டுப்புள்ளி அவள் எடுத்த புள்ளியைவிடக் குறைவாக இருந்தது. விண்ணப்பத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும். முடிவு வந்த பிறகு வரியைச் சேர்க்க முடியாது. தகப்பனுக்குச் சுகமில்லாமல் போனதால் திரும்பப் பரீட்சை எழுதவும் அவளால் முடியவில்லை. இன்றைக்குக் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். உழைத்துச் சாப்பிடுவது கேவலமில்லை, ஆனால் அவள் படித்த படிப்புக்கு அது இடமில்லை. அவளுடைய தங்கை இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயர் சொல்லமாட்டோம். அவளை அழைத்து வர நாங்கள் இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தோம்.

ஆகவே நாளைக்குக் கேட்க வேண்டியவற்றை இன்றைக்கே பேசிக்கொள்வோம்.

முதலாவது, இந்த மாவட்டக் கணக்கு. 2001 உயர்தரப் பரீட்சையிலிருந்து இசட் புள்ளியை வைத்துத்தான் அனுமதி. பல பாடநெறிகளுக்கு 40 வீதம் இடம் நாடு முழுவதுக்கும் பொதுவான திறமைப் பட்டியலில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி அந்தப் பட்டியலில் உண்டு, கண்டியும் மாத்தளையும் கேகாலையும் இல்லை. மாவட்டம் என்பது வீடு இருக்கிற இடம் அல்ல, பிள்ளை கடைசி வருஷங்களில் படித்த பாடசாலை இருக்கிற இடம். மாமன் வீட்டில் விட்டுக் கொழும்பில் படிக்க வைக்கலாம் என்று யோசிப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருஷாவருஷம் கையேடு வெளியிடுகிறது. போன வருஷத்துக் கையேட்டை இரவல் வாங்கி நிரப்பக்கூடாது, விதி மாறும்.

இரண்டாவது, விருப்பத்தெரிவு. பிள்ளை தான் விரும்பிய வரிசையில் எழுத வேண்டும். மேலே எழுதியது எட்டாவிட்டால் அதற்கு அடுத்ததைப் பார்ப்பார்கள். ஆகையால் நிறைய எழுதுவதால் நஷ்டமில்லை. போய்ப் படிக்கச் சம்மதம் என்றால் எழுது, சம்மதமில்லை என்றால் எழுதாதே, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் எங்களுக்கு ரொம்பக் கவலை தருவது. இந்த அமர்வுகளுக்கு உயர்தரம் எழுதிய பிள்ளை மட்டும் போனால் பாதி கதவு ஏற்கனவே மூடியிருக்கும். கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது. நம் பாட்டிமார் கஷாயம் காய்ச்சுகிறார்களே, அதே மருத்துவத்தைப் பட்டமாகப் படிக்கலாம். ஆனால் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். கணினி விஞ்ஞானம், பிரயோக பௌதிகமும் இலத்திரனியலும் இருக்கின்றன, அவற்றுக்கும் உரிய பாடங்கள் வேண்டும். மொழிகள், தொடர்பாடல், முகாமைத்துவம் வேறு பக்கம். 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளை அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கிறது. ஏன்? விஞ்ஞானம் படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை? பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை, தூரத்துப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று யாரும் நேரத்தோடு சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய வயது தரம் 9, தரம் 10. அதனால்தான் இந்த முறை சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வந்தோம். கடலில் விளையாட மட்டும் இல்லை, தம்பி, சிரிக்காதே!

தாய்மார் கேட்க வேண்டியது வேறு. விடுதி கிடைக்குமா, எத்தனை வருஷத்துக்கு? மகாபொல எப்போது கைக்கு வரும், அது வரும்வரை செலவுக்கு என்ன செய்வது? பகிடிவதை நடந்தால் யாரிடம் சொல்வது? பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. "உங்கள் வளாகத்தில் அதற்கு என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று நேரே கேளுங்கள். பொம்பளைப் பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்புகிறவர் கேட்கிற கேள்வி அது, அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தொழிலாளர் பல்கலைக்கழகத்தார் பேசுவதைக் கேட்பது புதினமும் இல்லை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் என்று கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஒருவர் 1860களின் கடைசியில் குறூ என்ற ஊரின் ரயில்வே தொழிலாளருக்கும், ரொச்டேல் என்ற ஊரின் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் விஞ்ஞான விரிவுரை செய்தார். ரொச்டேலில் ஒருநாள் விளக்கப் படங்களைச் சுவரில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த தடவை வந்து பார்த்தால், தொழிலாளர்கள் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று தங்களுக்குள் பேசி, கேட்பதற்குக் கேள்வியோடு இருந்தார்கள். அதற்குப் பிறகு விரிவுரையோடு கேள்விக்கென்று தனி நேரமும் ஒதுக்கினார். 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே இந்த வெளியூர் விரிவுரைகளை ஏற்றுக்கொண்டது. வடக்கே நோர்தம்பர்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்து மைல் கணக்காக நடந்து வந்து கேட்டார்கள். 1887இல் பெரிய வேலைநிறுத்தம் வந்து கையில் காசில்லாமல் போக, அந்த வகுப்புகள் தடுமாறின. படிப்பு ஆசை குறைந்ததால் அல்ல, கூலி நின்றதால்.

அந்தக் கூலிக் கணக்கை நாங்கள் மறக்கவில்லை. இங்கே வந்த ஒவ்வொருவருக்கும் பேர் போயிருக்கிறது. அட்டனிலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று பஸ் ஏறி இறங்கிவர ஒரு பகல் முழுக்கப் போகிறது. ஆகவே இனிமேல் நாங்கள் செய்யப் போவதைச் சொல்கிறோம், செய்யாவிட்டால் காரியாலயத்துக்கு வந்து சத்தம் போடுங்கள். பல்கலைக்கழக அறிவித்தல் எது வந்தாலும் தமிழில் எழுதி, பெரட்டிலும் கோயில் கூட்டத்திலும் வாசிப்போம். ஞாயிறு அல்லது போயா நாளில் அமர்வு வைக்கும்படி வளாகங்களுக்கு எழுதிக் கேட்போம். ஒரு தோட்டத்திலிருந்து பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் பஸ் பிடிப்பது எங்கள் பொறுப்பு. விண்ணப்ப காலத்தில் கடைக்குப் போக முதல் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள், ஆறுதலாக உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்போம்.

நாளைக் காலை ஏழு மணிக்கு பஸ். அடையாள அட்டை உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒரு பெயரும் பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயருமாக இருக்கிற பிள்ளைகள் இன்று இரவே எங்களிடம் சொல்லுங்கள். ஐந்தாறு பேராவது இருப்பீர்கள் என்று தெரியும், அதைத் திருத்த மாதக்கணக்கில் செல்லும். கொப்பியும் பேனையும் பின்மேசையில் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்து, கேட்கப் போகிற கேள்வியை அதில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

சாப்பாடு தயார் என்று குசினியிலிருந்து கை காட்டுகிறார்கள். இன்றைக்கு மீன் குழம்பு. முள் பார்த்துச் சாப்பிடுங்கள்.