மூன்றாம் முறை பாஸான மாணவர்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் சென்ற வாரம் நடந்த ஒன்று மனத்திலேயே நிற்கிறது. நம் பள்ளியில் படித்து, இப்போது இடைநிலைப் பள்ளியில் இருக்கும் ஒரு பையனின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். "சார், இவனுக்குப் படிப்பு ஏறல. எல்லாத்திலயும் பெயில். நிறுத்திட்டு வேலைக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன்" என்றார். அவர் கையில் மருந்துப் பை இருந்தது. மூத்த மகள் மாசமாக இருக்கிறாளாம்; கிளினிக்கில் கொடுத்தார்களாம். பார்த்தேன். சின்ன மஞ்சள் மாத்திரை, ஃபோலிக் அமிலம்.

"இந்த மாத்திரையைச் செய்து காட்டியவரும் பெயிலானவர்தாம்மா" என்றேன். அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். சிறு வயதில், காசிக்குப் போய் வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிய ஆள்! மெட்ரிக்குலேஷனில் இரண்டு முறை தோற்றார். தாயார் நகையை விற்றுப் படிக்க வைத்தார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறை பாஸானார். மருத்துவக் கல்லூரியிலும் சோதனைதான். கதர் அணிந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார்.

இதற்கிடையில் உடன்பிறந்தோர் இருவர் கிராணிக் கழிச்சலில் மாண்டார்கள். (நம் ஆபீஸ் கிராணி அல்ல, பிள்ளைகளே, தின்பது உடம்பில் ஒட்டாமல் ஆளையே உருக்கும் நோய்.)

அமெரிக்காவுக்குப் போனார். ஹார்வர்டில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. அங்கே ஃபிஸ்கே என்னும் ஆசிரியரோடு சேர்ந்து, இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்க ஒரு வழி கண்டார். மருந்து சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு பாஸ்பரஸ். 1925இல் வெளிவந்த அந்தக் கட்டுரை, உயிர்வேதியியலில் மற்ற ஆய்வாளர்கள் மிகுதியாக எடுத்துக்காட்டிய கட்டுரைகளில் ஒன்று. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர்.

அளக்கத் தெரிந்ததும், மறைந்திருந்தவை வெளிப்பட்டன. 1927இல் தசையில் பாஸ்போகிரியாட்டினையும், 1929இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டார். விடியற்காலையில் மரம் சீவக் கத்தியை இழுக்கிறதே உங்கள் கை, அந்த இழுப்புக்குச் சக்தி தருவது இந்தப் பொருள்தான். இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அதற்கு முன்பே, பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களின் இரத்தச்சோகையை மார்மைட் கொடுத்துத் தீர்த்திருந்தார் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர். ஆமாம், நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே மார்மைட்! அதில் என்ன இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. அதுதான் ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழு 1945இல் அதைச் செயற்கையாகவே செய்து காட்டியது. உடன்பிறந்தோரைக் கொண்டுபோன கிராணிக்கும் அது மருந்தாயிற்று.

யானைக்கால் நோய்க்கு ஹெட்ராசான் 1947இல் வந்தது. அவர் குழு தந்த அமினோப்டெரின் மருந்தால், இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் டாக்டர் ஃபார்பர் பாஸ்டனில் கண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். வயது 53. நோபல் பரிசு இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தத் தாயார் ஒரே கேள்விதான் கேட்டார். "நகைய வித்தாங்களே, அந்த அம்மாவைப் பாக்கத் திரும்பி வந்தாரா சார்?"

"இல்லம்மா. தாயாரையும் மனைவியையும் விட்டுப் போனவர், ஊருக்குத் திரும்பவே இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மாத்திரையைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "இவன் ஜொகூர் பாருவில போயி ஏதாச்சும் படிச்சாப் போதும் சார். சனிக்கிழமையானா பஸ் ஏறி வந்துடுவான்."