மணி அடித்த பிறகு



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு மணி நினைவிருக்கும். விடிவதற்கு முன்பே தொங்கவிட்ட இரும்பில் ஒருவர் ஓங்கி அடிப்பார். லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும். அதே இரும்பு வேளை கெட்ட வேளையில் படபடவென்று ஒலித்தால், ஏதோ ஆபத்து என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். வாளியும் கையுமாக ஆட்கள் ஓடுவார்கள்.

இன்று ஜித்ரா வட்டாரத்தில் நம்மவர்களில் பலர் தாமான்களில் குடியிருக்கிறார்கள். அந்த மணியின் வேலையை இப்போது மின்கருவிகள் செய்கின்றன. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளையும் தங்கும் விடுதிகளையும் காக்க வந்த இக்கருவிகளைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

முதலில் புகை உணரும் கருவி. உட்கூரையில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் ஒட்டியிருக்கும். பெரும்பாலான கருவிகளின் உள்ளே ஒரு சிறு ஒளிக்கதிர் ஓடிக்கொண்டிருக்கும். புகை நுழைந்தால் அந்த ஒளி சிதறும். சிதறிய ஒளி பக்கத்திலுள்ள கண் போன்ற உறுப்பில் பட்டவுடன் மணி அலறும். புகை மேல்நோக்கி எழுவதால்தான் அதை உச்சியில் பொருத்துகிறார்கள். நெருப்பு நம்மைத் தொடுவதற்கு வெகுமுன்னரே புகை தொட்டுவிடுகிறது. உறங்கும் பிள்ளை புகையை முகர்ந்து விழித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. புகையில் கலந்த நச்சுவாயு மயக்கத்தையே கூட்டும். ஆகவே விடுதிகளுக்கு இக்கருவி மிகவும் அவசியம்.

பேட்டரி தீரும் நிலைக்கு வந்தால், கருவி சிறிது நேரத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று குரல் கொடுக்கும். தொல்லை என்று சிலர் பேட்டரியையே கழற்றிவிடுகிறார்கள். காவல் நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிய கதைதான் அது.

ஆனால் மணி அடித்தால் மட்டும் போதுமா? நம் கெடா மாநிலத்திலேயே, யான் வட்டாரத்தில், 1989 செப்டம்பரில் ஒரு சமயப்பள்ளியின் விடுதியில் தீப்பிடித்து 27 மாணவிகள் மாண்டார்கள். 2017 செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில், கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப்பள்ளி விடுதி எரிந்தது. மாணவர்களும் விடுதிக் காப்பாளர்களுமாக 23 பேர் உயிரிழந்தனர். வாசலை நெருப்பு அடைத்துக்கொண்டது. சன்னல்களிலோ திறக்க முடியாத இரும்புக் கிராதிகள். திருடன் உள்ளே வராதிருக்கப் போட்ட இரும்பு, பிள்ளைகளை வெளியே விடவில்லை.

தமிழகத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கட்டில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி, 94 பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. இறங்குவதற்கு இருந்தது குறுகலான படி.

கருவி கொடுப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அந்த நிமிடங்களில் பிள்ளை நடந்துபோக வழி திறந்திருக்கவேண்டும். அந்த வழி இருட்டிலும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவேண்டும். எனவே அடுத்த முறை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகும் தாய்மார்களும் தகப்பன்மார்களும் கூட்டம் முடிந்ததும் பள்ளியை ஒருமுறை சுற்றி வரலாமே! ஒரு பள்ளியில் நாங்கள் அப்படிச் சுற்றி வந்தபோது, பின்வாசல் கதவு பூட்டியிருந்தது. சாவி அலுவலகத்து மேசை இழுப்பறைக்குள் இருந்தது. சிவப்புத் தீயணைப்பானை மறைத்து உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல, இடமில்லை, வைத்துவிட்டார்கள். அன்று மாலையே நாற்காலிகள் அகற்றப்பட்டன. தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள் இருந்தால் அது பச்சைப் பகுதியில் நிற்கவேண்டும். இதைப் பார்க்கப் படிப்பு எதுவும் வேண்டாம்.

வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை வீட்டில் விட்டுக் கிராதிக் கதவைப் பூட்டிச் செல்லும் வழக்கம் நம்மிடமும் உண்டு. வேறொரு நாள் அதை விரிவாகப் பேசவேண்டும்.

அடுத்து, நம் பகுதிக்கே உரிய ஆபத்தாகிய வெள்ளம். 2010 நவம்பரில் கெடாவும் பெர்லிசும் பட்ட பாட்டை ஜித்ரா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அலோர் ஸ்டார் விமான நிலையத்தை மூடினார்கள். வடக்கு நெடுஞ்சாலையிலும் போக்குவரத்து நின்றது. இந்த வயல்வெளிச் சமதரையில் ஏறிய தண்ணீர் எளிதில் வடிவதில்லை.

இப்போது ஆறுகளில் வடிகால் நீர்ப்பாசன இலாகா நீர்மட்டக் கருவிகளை வைத்திருக்கிறது. பாலத்தில் பொருத்திய கருவி ஒன்று நீர்ப்பரப்பை நோக்கி அலையை அனுப்பும். அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கிடும். கணக்கு உடனுக்குடன் நிலையத்துக்குப் போகும். சாதாரணம், வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நான்கு நிலைகள். இலாகாவின் வெள்ளத் தகவல் பக்கத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் எடுத்துக் காட்டும்.

பஹாயா என்ற சொல் வந்தபிறகு பள்ளிக்கு மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போவதுதான் பெருந்தவறு. ஓடும் தண்ணீர் முழங்காலளவு இருந்தாலே ஆளைத் தள்ளும். பள்ளி மேட்டில் இருந்தால், ஆசிரியர் கண்காணிப்பில் பிள்ளை அங்கேயே இருப்பது மேல். பள்ளியிலிருந்து செய்தி வருவதற்கு உங்கள் இன்றைய கைப்பேசி எண் அங்கே இருக்கிறதா? எண்ணை மாற்றியவர்களில் எத்தனை பேர் வகுப்பாசிரியரிடம் சொன்னோம்?

கடைசியாக 999. முன்பு தீயணைப்புப் படைக்கு 994 என்று தனி எண் இருந்தது. 2007 முதல் காவல்துறை, மருத்துவ வண்டி, போம்பா எல்லாவற்றுக்கும் 999 ஒன்றே. எடுத்தவுடன் பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் கத்தி வைத்துவிடாதீர்கள். என்ன நடந்தது, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, அருகில் கோயிலா கடையா, பெரிய வண்டி நுழையும் வழி எது என்று சொல்லவேண்டும். அவர்கள் விடைபெறும் வரை தொடர்பைத் துண்டிக்கக்கூடாது. இரவானால், செம்மண் சாலை பிரியும் முனையில் ஒருவர் கைவிளக்கோடு போய் நிற்கட்டும். போம்பா வண்டிக்கு நம் தோட்டத்து வழி தெரியாது.