பழைய புரொஜக்ஷன் டெலிவிஷனும் அதன் ஆயுளும்

சில இல்லங்களின் கூடத்தில் பீரோவைப் போன்ற ஒரு பெரிய பெட்டி சுவரோரமாக நிற்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். முன்புறம் 50 அங்குலத் திரை. பின்புறம் சரிந்து செல்லும் முதுகு. இரண்டு பேர் சேர்ந்தாலும் எளிதில் நகர்த்த முடியாது. இதுவே புரொஜக்ஷன் டெலிவிஷன். இதற்குப் பெரிய சந்தை அமெரிக்காவில்தான் இருந்தது. நம் நாட்டில் வசதியுள்ள சில குடும்பங்களும், விடுதிகளும், மன்றங்களும் மட்டுமே இதை வாங்கின. 1993இல் தமிழுக்கெனத் தனிச் செயற்கைக்கோள் அலைவரிசை பிறந்தது. அதன் பின்னர் டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் சிலருக்கு, ஊரைப் பெரிய அளவில் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய பலகணியாகவும் இது விளங்கியது.

இன்று இவ்வகைப் பெட்டிகளை எவரும் செய்வதில்லை. கடைசிவரை செய்துவந்த மிட்சுபிஷி நிறுவனமும் 2012ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்திக்கொண்டது. ஆகவே இவற்றுள் மிக இளையதற்கும் வயது பத்தைத் தாண்டிவிட்டது. "இன்னும் எத்தனை நாள் ஓடும்? பழுது பார்க்கப் பணம் செலவிடலாமா, விட்டுவிடலாமா?" என்பதே இவற்றை வைத்திருப்போர் கேட்கும் கேள்வி.

இக்கேள்விக்கு ஒரே எண்ணில் விடை கூற இயலாது. ஒரு மாட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கடையாணிக்கு ஓர் ஆயுள். சக்கரத்துப் பட்டைக்கு வேறோர் ஆயுள். அச்சுக்கு மற்றோர் ஆயுள். கடையாணி தேய்ந்ததற்காக வண்டியை விறகாக்குவாரும் இல்லை. அச்சு முறிந்த வண்டிக்குப் புதுக் கடையாணி வாங்குவாரும் இல்லை. இந்தப் பெட்டியிலும் எது கடையாணி, எது அச்சு என்று அறிந்துகொண்டால், பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

முதலில் இதன் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். பெட்டியின் அடிப்பகுதியில் சிறியதொரு படம் மிகுந்த ஒளியுடன் உண்டாகிறது. அதை லென்ஸ் பெரிதாக்கிப் பின்னாலுள்ள கண்ணாடியில் வீசுகிறது. கண்ணாடி அதைத் திருப்பித் திரையின் பின்புறத்தில் விழச் செய்கிறது. நாம் முன்னால் அமர்ந்து காண்கிறோம். சிறிய படத்தை உண்டாக்கும் முறையைப் பொறுத்து, இப்பெட்டிகளை இரண்டு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மூன்று பிக்சர் டியூப்களைக் கொண்டது. சிவப்பு, பச்சை, நீலம் என நிறத்துக்கு ஒன்று. பெரும்பாலும் 7 அங்குலமே உள்ள டியூப், 50 அங்குலத் திரையை நிரப்பவேண்டியிருக்கிறது. ஆகையால் அது எப்போதும் கடுமையாக உழைக்கிறது, மிகுதியாகச் சூடேறுகிறது. அச்சூட்டைத் தணிக்கவே டியூப்பின் முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே ஒரு திரவத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

இவ்வகையில் மூன்று நோய்கள் உண்டு. ஒன்று, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி நிற்பது. எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடிட்டதுபோல் தெரியும். சிறிதளவு விலகலாயின், பெட்டியை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறியபின் ரிமோட் மூலமே சரிசெய்துகொள்ளலாம். கோடுகள் வில்லாக வளைந்துவிட்டால், அப்பொருத்தத்தைக் காக்கும் ஐ.சி. பழுதாயிற்று என்று கொள்ளலாம். அதை மாற்ற முடியும். இரண்டாவது, திரவம் கலங்கிப் படம் பனி மூடியதுபோல் ஆவது. திரவத்தை வடித்துப் புதிதாக நிரப்பினால் இதுவும் தீரும். ஆனால் இத்திரவத்தில் சேர்வது கிளைகால், இனிக்கும் நஞ்சு. அது கசிந்து தரையில் நின்றால், குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அருகில் விடலாகாது.

மூன்றாவது நோய்க்கு மருந்தில்லை. டியூப்பின் உட்புறத்து ஒளிரும் பூச்சு தேய்ந்துபோவதே அது. நாள் முழுதும் ஒரே அலைவரிசையை வைத்திருக்கும் வீட்டில், மூலையில் நிற்கும் அதன் முத்திரையும், அடியில் ஓடும் செய்திப் பட்டையின் விளிம்பும் அப்பூச்சில் தழும்பாகப் பதிந்துவிடும். ஊர்ச் செய்தி கேட்கும் ஆவலே பெட்டிக்குக் காயமாகிறது! வருமுன் காப்பதுதான் வழி. கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக உச்சத்தில் வைத்திருந்த காண்ட்ராஸ்டைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதுவே ஆயுளை நீட்டும் மலிவான மருந்து.

இரண்டாம் வகை, விளக்கை நம்பியது. இதில் சிறிய எல்.சி.டி. தகடுகளோ, நுண் கண்ணாடிகள் பதித்த சில்லோ விளக்கொளியைப் படமாக்குகின்றன. அந்த நுண் கண்ணாடிச் சில்லை 1987இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்பவர் கண்டுபிடித்தார். கட்டை விரல் நகத்தளவான இடத்தில் பல லட்சம் கண்ணாடிகள் அசைகின்றன என்றால் வியப்பாக இல்லையா?

இவ்வகையின் கடையாணி, விளக்கு. அது பாதரச ஆவி நிரம்பியது. எரியும்போது உள்ளே காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் நிலவும். அதன் ஆயுள் 6,000 மணி என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5 மணி நேரம் பார்த்தால் ஆண்டுக்கு 1,825 மணி. அதாவது மூன்றேகால் ஆண்டில் விளக்கு மாற்றவேண்டும். இது பழுதன்று, ஊர்திக்கு டயர் மாற்றுவது போன்ற வழக்கமான செலவே. விளக்கை மாற்றுமுன் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். அதன் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசையே அதற்குப் பகை. பெட்டியை நிறுத்திய பின்னும் சற்றுநேரம் விசிறி சுழல்வது விளக்கைக் குளிர்விப்பதற்காகவே. நடுவில் மின்சாரம் நின்றால் விசிறியும் நின்றுவிடும். விளக்கு தன் சூட்டிலேயே வாடும். மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் ஒரு யு.பி.எஸ். வைத்துக்கொள்வது, விளக்கின் விலையோடு ஒப்பிட்டால் சிக்கனமே.

நுண் கண்ணாடி வகையில், நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் வர்ணச் சக்கரம் ஒன்று உண்டு. அது தேய்ந்தால் கீச்சென்று ஒலிக்கும். அதை மாற்றலாம். திரையில் வெண்புள்ளிகள் நாள்தோறும் பெருகினால், நுண் கண்ணாடிகள் அசையாமல் நின்றுவிட்டன என்று பொருள். அதற்குச் சில்லையே மாற்றவேண்டும்.

என் வீட்டில் நடந்ததொன்றைக் கூறுகிறேன். எல்.சி.டி. வகைப் பெட்டி. படத்தின் நடுவே மஞ்சள் கறை தோன்றியது. வந்த மெக்கானிக் விளக்கை மாற்றினார், கறை போகவில்லை. மறுபடியும் ஒரு விளக்கு வாங்கச் சொன்னார்; வாங்கினேன்; கறை அப்படியே நின்றது. நீல ஒளியின் வெம்மையால் உள்ளிருந்த ஒளி வடிகட்டும் மென்தகடு கருகியிருந்தது என்பது பிறகே தெரிந்தது. இரண்டு விளக்குகளின் விலை கொடுத்து நான் கற்ற பாடம் இது: திரை முழுதும் ஒருசேர மங்கினால் விளக்கையோ தூசியையோ ஐயுறலாம். கறை ஓரிடத்தில் நிலைத்து நின்றால் விளக்கின்மேல் பழி போடலாகாது. அது அச்சு முறிந்ததன் அடையாளம்.

இரு வகைக்கும் பொதுவான பகைகள் சூடும் தூசியுமே. மின் பலகையிலுள்ள கண்டென்சர்கள் சூட்டில் உலர்ந்து, தலை புடைத்துப் போகின்றன. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர் கணக்கு. ஆகவே பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். உள்ளிருக்கும் கண்ணாடிக்கு ரசம் முன்புறத்திலேயே பூசப்பட்டிருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்தால் பூச்சு உரிந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியை ஒதுக்குவதே முறை.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். டியூப் வகைப் பெட்டியினுள் சுமார் 30,000 வோல்ட் மின்னழுத்தம் வேலை செய்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உள்ளே தங்கியிருக்கக்கூடும். நிறப் பொருத்தம், காண்ட்ராஸ்ட் ஆகியவை உங்கள் பொறுப்பு. உள்ளே கைவைப்பது பயின்றவர் பொறுப்பு.

முடிவாக, விளக்கு, வர்ணச் சக்கரம், கண்டென்சர், ஐ.சி., திரவம் ஆகியவை கெட்டால் பழுது பார்க்கலாம். பூச்சுத் தேய்ந்த டியூப், கறைபட்ட ஒளியமைப்பு, புள்ளி பெருகும் சில்லு ஆகியவற்றுக்காகக் கைப்பணத்தைக் கரைக்கவேண்டாம். அவ்வாறு விடைகொடுக்கும்போதும் ஒரு கடமை உண்டு. டியூப்பில் ஈயம் கலந்த கண்ணாடியும், விளக்கில் பாதரசமும் இருக்கின்றன. தெருவோடு போகும் பழைய சாமான்காரரிடம் கொடுத்தால், அதை உடைப்பவர் கையிலும் மூச்சிலும் அந்த நஞ்சு சேரும். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற நிலையங்களிடமே அதை ஒப்படையுங்கள்.

நெடுநாள் உழைத்த வண்டியை வைத்துக் காப்பதும் அன்புதான். காலம் முடிந்தபோது பிறருக்குத் தீங்கு நேராமல் அனுப்பிவைப்பதும் அன்புதான். எது எப்போது என்று அறிவதற்கு, கடையாணியையும் அச்சையும் பிரித்தறியும் கண் வேண்டும்.