பொய் காட்டும் கணினியா?



தராசு பிடிப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். படிக்கல்லே குறை என்றால், முள் நேராக நின்று என்ன பயன்? பொய் கண்டறியும் கருவியின் கதையும் அதுதான்.

அந்தக் கருவிக்குப் பொய் தெரியாது. மூச்சு, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, விரல்நுனி வியர்வை ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே அது பதிவு செய்கிறது. குற்றமற்றவனுக்கும் பயத்தில் வியர்க்காதா?

முன்பு காகிதக் கோடுகளைப் பார்த்து மனிதர்கள் மதிப்பெண் போட்டார்கள். 1990களில் கணினி அந்த வேலைக்கு வந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் உருவாக்கிய ‘பாலிஸ்கோர்’ போன்ற மென்பொருள்கள், பொய் சொல்லியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணாகவே காட்டின. எண்ணைப் பார்த்ததும் வாயடைத்துப் போகிறோம்!

அந்த எண் எப்படி வருகிறது? பழைய வழக்குகளின் பதிவுகளைக் கொடுத்து, இது பொய், இது மெய் என்று கணினிக்குக் கற்றுத் தருகிறார்கள். அவற்றில் பல, குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களின் பதிவுகள். கருவியை ஏமாற்றியவன் ஒப்புக்கொள்வானா? வீணாகச் சந்தேகிக்கப்பட்டவன்தான் ஒப்புக்கொள்வானா? ஆக, கருவி தவறிய வழக்குகள் பெரும்பாலும் கணக்கிலேயே சேர்வதில்லை. குறையுள்ள படிக்கல் இதுதான்!

இருமினாலும் கை அசைந்தாலும் கோடு மாறும். கேள்வியே குழப்பமாக இருந்தாலும் மாறும். கேட்ட கேள்வி நியாயமானதா என்று கணினி சொல்லாது.

2003ல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்ற அறிக்கை ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும்படி சோதனையை வைத்தால், குற்றமற்ற ஏறத்தாழ 1,600 பேரும் மாட்டிக்கொள்வார்கள். 8 பேருக்காக 1,600 பேர்! கணினி மதிப்பெண்ணால் இது எவ்வளவு திருந்தும் என்பது வெறும் ஊகமே என்றும் அந்த அறிக்கை கூறியது.

வணிகர்களே! கல்லாவில் பணம் குறைந்தால் கடைப் பையனைக் கருவியில் உட்கார வைக்கலாமா? அமெரிக்காவிலேயே பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியர்களுக்கு இந்தச் சோதனை நடத்துவதை, சில விலக்குகள் தவிர, 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடை செய்துவிட்டது.

இளைஞர்களே! நம் நாட்டில் 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சம்மதமில்லாமல் யாருக்கும் இந்தச் சோதனை நடத்தக்கூடாது. சம்மதம் கொடுத்தாலும் சோதனை முடிவு மட்டும் சாட்சியமாகாது. ஆனால் அதன் வழியே கிடைக்கும் தடயம் சாட்சியமாகலாம். சம்மதத்தை நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர் உதவியும் தரப்பட வேண்டும்.

“குற்றமற்றவன்தானே, உட்கார்ந்தால் என்ன?” என்று யாராவது கேட்டால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள். மறுப்பது குற்றமல்ல, அது உங்கள் உரிமை!