அந்தி வெளிச்சமும் குறியிழையும்



துப்பாக்கியின்மேல் பொருத்திய தொலைநோக்கியினுள் பார்த்தால், காட்சியின் நடுவே இரண்டு கருங்கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டக் காணலாம். இலக்கைக் காட்டும் அக்கோடுகளைக் குறியிழை என்று சொல்லுவோம். நண்பகலில் எந்தக் குறியிழையும் போதும். பொழுது சாய்ந்தபின் எது உதவும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஜெர்மனியிலோ நிலைமை வேறு. அங்கே காட்டுப்பன்றிகள் மக்காச்சோளக் கொல்லைகளையும் புல்வெளிகளையும் கிளறிப் பாழாக்குகின்றன. பகலில் பதுங்கியிருந்து, அந்தியிலும் நிலவிலுமே அவை பெரிதும் வெளிவருகின்றன. ஆகவே வேட்டைக்காரரும் மங்கிய வெளிச்சத்திலேயே காத்திருக்க வேண்டியவராகிறார்.

குறியிழையின் வரலாறு வானநூலில் தொடங்குகிறது. 1640ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தில் வில்லியம் கேஸ்காயின் என்பவர் தம் தொலைநோக்கியினுள் சிலந்தியொன்று இழுத்துவிட்ட இழை, தொலைவிலுள்ள பொருளோடு சேர்ந்து தெளிவாகத் தெரிவதைக் கண்டார். விண்மீன்களின் இடத்தை அளக்க அதுவே வழியாயிற்று. இருண்ட வானத்தில் இழை தெரியாதபோது, விளக்கொளியைத் தொலைநோக்கியினுள் விழச்செய்யும் உபாயத்தையும் அவர் கையாண்டார். இருளில் இழை மறையும் என்ற தொல்லை, இழையோடு கூடவே பிறந்தது எனலாம்.

ஏன் மறைகிறது? நம் விழித்திரையில் கூம்பணுக்கள், கோலணுக்கள் என இருவகை உண்டு. கூம்பணுக்கள் நிறத்தையும் நுட்பத்தையும் காண்பவை. ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். கோலணுக்கள் மங்கிய ஒளியிலும் விழித்திருப்பவை. ஆனால் நுட்பம் அறியா. நாம் ஒன்றை நேராக உற்று நோக்கும்போது பயன்படும் நடுக்குழியிலே கோலணுக்கள் இல்லை. மங்கலான விண்மீனை நேரே பார்த்தால் மறைவதையும், சற்று ஒதுங்கிப் பார்த்தால் தோன்றுவதையும் மாணவர்கள் இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம். குறி வைப்பவருக்கோ ஒதுங்கிப் பார்க்க வழியில்லை. கண்ணின் வலிமை குன்றிய இடத்தைக் கொண்டே அவர் நோக்கியாக வேண்டும். மெல்லிய கோடு அங்கே தோற்றுப்போகிறது. அதிலும் கரிய பன்றியின்மேல் கருங்கோடு விழுந்தால் எது கோடு, எது உடல் என்றே தெரியாது.

பெரிய வில்லை போட்டால் தீராதோ என்று கேட்கலாம். 56 மில்லிமீட்டர் முகவில்லையும் 8 மடங்கு உருப்பெருக்கமும் உள்ள கருவியில், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 7 மில்லிமீட்டர். இளைஞரின் கண்மணி இருளில் ஏறக்குறைய அவ்வளவு விரியும். முதியவருடையது அவ்வளவு விரியாது. கண்மணிக்குள் புகாத ஒளி வீணே. எவ்வளவு பெரிய வில்லையும், வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு பரப்பை ஒளிமிக்கதாகக் காட்டாது, பெரிதாக்கியே உதவும்.

எனவே இழையைத்தான் திருத்த வேண்டும். ஜெர்மானியர் தம் குறியிழைகளுக்கு எண் இட்டு வழங்குகின்றனர். முதல் எண்ணில் கீழிருந்து கூர்முனைத் தூண் ஒன்று எழும். இரு பக்கமும் தடித்த பட்டைகள் இருக்கும். அது நன்கு தெரியும்; ஆனால் இலக்கின் கீழ்ப்பாதியை மறைத்துவிடும். நான்காம் எண்ணில் இடம், வலம், கீழ் என மூன்று தடித்த பட்டைகள் நடுவை நோக்கி வந்து நின்றுவிடும். நடுவிலே மட்டும் மெல்லிய சிலுவை. அந்தியில் சிலுவை கரைந்தாலும், மூன்று பட்டைகளும் சுட்டும் இடத்தைக் கண் தானே ஊகித்துக்கொள்ளும். நடுவும் மறைவதில்லை. ஆதலால் நான்காம் எண்ணையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன்.

அதன் நடுவே ஒளிரும் செம்புள்ளி ஒன்று அமைந்தால் இன்னும் நன்று. செந்நிறம் கோலணுக்களை அதிகம் தாக்குவதில்லை. ஆயினும் புள்ளியின் ஒளியை எவ்வளவு தணிக்க முடியும் என்பதையே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டும். கூசும் புள்ளி, தன்னைக் காட்டி விலங்கை மறைக்கும்.

இவ்வளவும் அமைந்தாலும் ஒரு வரம்பு உண்டு. புள்ளி ஒளிரும், ஆனால் அது விழுந்த உருவம் யாது என்று சொல்லாது. ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம், மான் முதலிய குளம்புடைய விலங்குகளை இரவில் சுடலாகாது என்று பொதுவிதி வகுத்து, காட்டுப்பன்றிக்கு மட்டும் விலக்கு அளித்தது. சூரியன் மறைந்து ஒன்றரை மணி கழிந்ததும் இரவு என்பது அதன் கணக்கு. குட்டிகளை வளர்க்கும் தாயைக் கொல்லுவதையும் அது தடுத்தது. நிழலுருவைக் கண்டு சுடுபவர் இவற்றையெல்லாம் எப்படிப் பிரித்தறிவார்? தவறிப்பட்ட குண்டோடு புதரில் புகுந்த விலங்கு விடியும்வரை வதைபடும். அந்த உருவம் மனிதனாகவும் இருக்கலாம் அன்றோ?

ஆகையால் நல்ல குறியிழையின் பயன் இரண்டு. தெரியும்வரை குறியைக் காட்டுவது ஒன்று. அதைக் கொண்டும் இலக்கு இன்னதென்று தெரியாத வேளையில், விசையிலிருந்து விரலை எடுக்கச் சொல்லுவது மற்றொன்று. இரண்டாவது பயனைக் கருவி தராது. அதைப் பிடித்திருக்கும் மனிதனே தரவேண்டும்.