பூச்சிநாசினியும் நரம்புத்தொகுதியும்



வயலுக்கு மருந்து தெளித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் கமக்காரர் ஒருவர், "தலை வலிக்கிறது, கண் மங்குகிறது, வாயில் நீர் ஊறுகிறது" என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். வெயிலின் களைப்பு என்றே வீட்டார் எண்ணுவர். ஆனால் அது நஞ்சின் முதற் குறியாகவும் இருக்கலாம். அந்நஞ்சு உடலினுள் செய்வது யாது என்பதே இன்றைய பேச்சு.

நரம்பு முடியும் இடத்துக்கும் தசை தொடங்கும் இடத்துக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தி அதனைக் கடப்பதற்காக நரம்பின் நுனியில் அசற்றைல் கோலின் என்னும் பொருள் சுரக்கின்றது. இத்தூதுவன் சென்று சேர்ந்ததும் தசை சுருங்கும். செய்தியைச் சொன்ன தூதுவன் அங்கேயே நிற்பானாயின் தசைக்கு ஓய்வில்லை. ஆகவே, கோலினெசுத்தரேசு என்னும் நொதியம் கண்ணிமைக்கும் நேரத்தினும் விரைவாக அவனைச் சிதைத்துவிடுகின்றது.

இந்நொதியத்தைப் பற்றிக்கொண்டு செயலறச் செய்வனவே சேதனப் பொசுபரசு நஞ்சுகள். ஜேர்மனிய இரசாயன அறிஞர் கெராட் சிறாடர் பூச்சிகளை அழிக்கும் பொருளைத் தேடியபோது, 1936ஆம் ஆண்டில் தபுன் என்பதைக் கண்டார். அது போருக்குரிய நஞ்சாயிற்று. 1940களில் அவர் ஆக்கிய பரத்தியன் பயிருக்கு மருந்தாயிற்று. இரண்டும் ஒரு குடும்பத்தனவே. பூச்சியின் நரம்புத்தொகுதியிலும் மனிதனின் நரம்புத்தொகுதியிலும் அதே தூதுவன் இருத்தலால், ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்ல வல்லது.

நொதியம் முடங்கினால் நரம்பின் கட்டளை ஓயாது ஒலிக்கும். கண்மணி சுருங்கும், வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், சுவாசப்பைகளில் நீர் சுரக்கும், தசைகள் துடித்துத் துடித்து ஈற்றில் சோரும். மூச்சு நிற்பதே மரணத்துக்குக் காரணம். மருத்துவர் கொடுக்கும் அத்திரோப்பீன் சுரப்புகளை அடக்கி மூச்சுக்கு வழிசெய்யும். நொதியத்தை அது மீட்பதில்லை. புதிய நொதியம் உண்டாக வாரக் கணக்கிற் செல்லும். எனவே, இன்று சிறிது, அடுத்த கிழமை சிறிது என்று உடலிற் சேரும் நஞ்சு, ஒருநாள் பெருந்தீங்காக வெளிப்படலாம்.

இலங்கையில் பரத்தியன் 1984ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. மொனோகுரோட்டோபொசு, மெதமிடோபொசு ஆகியன 1995ஆம் ஆண்டில் விலக்கப்பட்டன. அதன் பின்னர் நஞ்சருந்தி இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. எனினும், கடையில் விற்கப்படும் மருந்து தீங்கற்றது என்று எவரும் கருதலாகாது.

இந்நஞ்சு வாய்வழியாக மட்டுமன்றித் தோல்வழியாகவும் புகும். ஆதலால், வெறுங்கையால் மருந்தைக் கலக்காதீர்கள். காற்றுக்கு எதிராக நின்று தெளிக்காதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். ஒருவர் நோயுற்றால், கையுறை அணிந்து அவருடைய நனைந்த உடைகளைக் களைந்து, சவர்க்காரமும் நீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள். வாந்தியெடுக்கச் செய்ய முயலாதீர்கள். மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள். எந்த நஞ்சு என்பதை மருத்துவர் அறிய அத்துண்டு உதவும். "சற்றுப் படுத்தெழும்பினால் மாறிவிடும்" என்று காத்திருக்கும் நேரமே உயிரைப் பறிக்கும் நேரம்.